தேக்கா பஸ் இருந்த கேசட்

ஜெரோம்,

பையைத் திறந்ததும் சாக்ஸைத் தேடாதே. அது அடியில், பச்சைத் துண்டுக்குள் இருக்கிறது. முதலில் இதைப் படி. முகாமில் உன் கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தால் தனியாக எங்காவது போய் உட்கார்ந்து படி. இருபது வயதுப் பையனுக்கு அம்மா பத்துப் பக்கம் கடிதம் எழுதியிருக்கிறாள் என்று தெரிந்தால் அவர்கள் உன்னைச் சும்மா விடமாட்டார்கள். இன்று மத்தியானம் நீ என் எதிரில்தான் உட்கார்ந்து சாப்பிட்டாய். ரசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டாய். அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஐந்து வருடமாக வராத வாய் இன்றைக்கு மட்டும் எப்படி வரும்? அதனால்தான் கடிதம்.

போன மாதம் உனக்குக் கம்ப்யூட்டர் படிப்பில் இடம் கிடைத்திருப்பதாகத் தபால் வந்தது. ராணுவத்தில் உன் தேசிய சேவை முடிந்ததும் சேரலாம், இந்த மாதக் கடைசிக்குள் பதில் போட வேண்டும் என்று இருந்தது. அப்பா அதை மூன்று தடவை படித்துவிட்டு மடித்து மாதா படத்துக்கு முன்னால் வைத்தார். நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "வேணாம்மா. அதெல்லாம் கேர்ஃபுல்லா இருக்கிறவங்களுக்கு. நான் கேர்லெஸ் லா. அப்பாகூட கார்கோவுக்கே போயிடறேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நான் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்படியே தேய்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்தச் சப்பாத்தி கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது, கல்லில் போட முடியவில்லை.

நீ கவனமில்லாதவன் இல்லை, தம்பி. அந்த நினைப்பை உனக்குள் போட்டது நான். தெரிந்தே போட்டேன். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மீதியை எல்லாம் வரிசையாகச் சொல்கிறேன், பொறுமையாகக் கேள். உன் அம்மா எதையும் நேராகச் சொல்லி உனக்குப் பழக்கமில்லை என்று தெரியும்.

நாம் தேக்கா மார்க்கெட்டுக்கு மேலே குடியிருந்த காலம். சாங்கி விமான நிலையம் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அப்பா விடிவதற்குள் பஸ் பிடித்து அங்கே கார்கோ வேலைக்குப் போவார். நான் வீட்டிலிருந்தபடியே சிராங்கூன் ரோட்டு ஜவுளிக்கடைக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பேன். ஒரு நாள் அப்பா ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார். கூட வேலை பார்த்தவர் ஒருவர் வெளிநாடு போகிறார், அவருடைய பழைய கம்ப்யூட்டராம். பெட்டியைத் திறந்தால் டைப்ரைட்டரில் பாதியை வெட்டி எடுத்த மாதிரி ஒரு விசைப்பலகை, நாலைந்து வயர், ஒரு தடிமனான புத்தகம். "இதுல படம் எங்க தெரியும்?" என்று நான் கேட்டேன். "நம்ம டிவியிலதான்" என்றார் அப்பா. அன்றைக்கே எனக்கும் அந்தப் பெட்டிக்கும் ஆகாமல் போய்விட்டது. என் நாடகம் வருகிற நேரம் பார்த்து நீ வயரை மாட்டுவாய்.

ஆனால் உன் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. பள்ளிவிட்டு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் அந்தப் புத்தகத்தைத் தரையில் விரித்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடிப்பாய். ஒரு வாரம் கழித்துத் திரையில் ஒரு கோடு வந்தது. கோணலான கோடு. அதற்கு நீ குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கேட்டார். பிறகு வட்டம் வந்தது. பிறகு, "சிராங்கூன் ரோடு போடப்போறேன்மா, பஸ் ஓடுற மாதிரி" என்றாய். பள்ளி ஓப்பன் டேயில் கம்ப்யூட்டர் கிளப் பிள்ளைகள் செய்ததை எல்லாம் காட்டுவார்களாம்.

அந்த பஸ்ஸில் எனக்கும் பங்கு உண்டு என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். கட்டம் போட்ட தாளில் எட்டுக்கு எட்டுக் கட்டமாகப் பிரித்து, நிரப்ப வேண்டிய கட்டத்துக்கு ஒன்று, விட வேண்டியதற்குச் சைபர், ஒரு வரிக்கு ஒரு எண் என்று எழுதிக்கொண்டிருந்தாய். நான் எட்டிப் பார்த்தேன். இது என்ன பெரிய வித்தை, நான் கோவில் பீடத்துணிக்குக் குறுக்குத்தையல் போடும்போது பார்க்கிற படம்தானே! நீ நம்பவில்லை. முதல் தடவை உன் பஸ் தலைகீழாக வந்தது, சக்கரம் நாலும் வானத்தைப் பார்த்துக்கொண்டு. கணக்குப் பாடத்தில் படித்த மாதிரி நீ கீழேயிருந்து எண்ணியிருந்தாய். "தையல் படத்துல மேல இடது மூலையிலிருந்துதான்டா எண்ணணும்" என்றேன். மாற்றி அடித்தாய். பஸ் நிமிர்ந்து நின்றது. "எப்படிம்மா?" என்று நீ கேட்ட அந்த ஒரு கேள்விக்கு நான் எத்தனை பீடத்துணி வேண்டுமானாலும் தைப்பேன்.

பஸ்ஸை ஓடவைத்தபோது அது போன வழியெல்லாம் ஒரு பஸ்ஸை விட்டுவிட்டுப் போனது. திரை முழுக்க பஸ். பழைய இடத்தில் இருப்பதை அழித்துவிட்டுத்தான் புது இடத்தில் வரைய வேண்டும் என்று நீ கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. "சிராங்கூன் ரோட்டுல இத்தனை பஸ் வந்தா நான் ஏன் நடக்கப்போறேன்" என்று நான் கிண்டல் செய்தேன். ஆட்கள் வரைவது உனக்குச் சுத்தமாக வரவில்லை. ஒன்றைக் காட்டி, "இது மனுஷியா, குடையா?" என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு தாளை என் பக்கம் தள்ளினாய். மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு கட்டத் தொகுப்பில், சேலை கட்டி, கையில் மார்க்கெட் பையோடு ஒரு பெண்ணைப் போட்டுக் கொடுத்தேன். நீ வாங்கி வைத்துக்கொண்டாய். அதை எங்கே சேர்த்தாய் என்று காட்டவே இல்லை. "கடைசி பார்ட் சீக்ரெட். ஓப்பன் டேக்கு வந்து பாருங்க" என்றாய்.

ஒரு நாள் நீ மூன்று மணி நேரம் அடித்துவைத்திருந்தபோது அப்பா இஸ்திரிப்பெட்டியைச் செருகினார். ஃபியூஸ் போய்விட்டது. மின்சாரம் போனால் அந்த இயந்திரத்துக்குச் சகலமும் மறந்துவிடும் என்று எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. நீ அழவில்லை. அடுத்த நாளிலிருந்து, செய்ததை எல்லாம் என்னுடைய டேப் ரெக்கார்டரை வயரில் இணைத்துக் கேசட்டில் பதிந்துவைக்க ஆரம்பித்தாய். பாட்டு பதிகிற அதே கேசட். வயர் மாட்டியிருக்கும்போது சத்தம் எதுவும் வெளியே கேட்காது. ஆகவே அந்தக் கேசட்டுக்குள் உன் பஸ் என்ன குரலில் இருக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது.

இனிதான் சொல்ல வேண்டியது. திருச்சியில் இருக்கிற லூர்து சின்னம்மாவுக்கு நான் அப்போதெல்லாம் கடிதம் எழுதுவதில்லை. குரலைக் கேசட்டில் பதிந்து தபாலில் அனுப்புவேன். அவளும் அப்படியே பதில் அனுப்புவாள். அக்கா தங்கை இரண்டு பேரும் கடல் தாண்டி வம்பு பேசிய விதம் அது. ஓப்பன் டேக்கு நாலைந்து நாள் முன்னால், நீ பள்ளிக்குப் போயிருந்தபோது, பேசலாம் என்று ரெக்கார்டரை எடுத்தேன். உள்ளே ஒரு கேசட் இருந்தது. மேலே ஒன்றும் எழுதவில்லை. என்ன இருக்கிறது என்று போட்டுப் பார்த்தேன். கீச்சென்று ஒரே அலறல். ஐயோ, நாடா கெட்டுவிட்டது என்று நினைத்தேன். மேலே பதிந்தால் சரியாகிவிடும் என்று அதிலேயே இருபது நிமிஷம் பேசினேன். மீன் விலை, அப்பாவின் முதுகுவலி, உன் கம்ப்யூட்டர் பெருமை எல்லாம் பேசினேன். கேசட்டை உறையில் போட்டு ஒட்டிவிட்டு, நீ தேடக்கூடாதே என்று அதே மாதிரிப் புதுக் கேசட் ஒன்றைப் பிரித்து ரெக்கார்டருக்குள் வைத்தேன். கெட்டதை நான் எடுத்துக்கொண்டு உனக்கு நல்லதைக் கொடுத்துவிட்டதாக எனக்கு நினைப்பு. அன்றே தபாலில் சேர்த்தேன்.

உன்னுடையதுதான் என்று நினைத்து நீ அந்தப் புதுக் கேசட்டை எடுத்துப் பெட்டியில் போட்டு, அட்டையில் பேனாவால் 'பஸ்' என்று எழுதிப் பத்திரமாக வைத்தாய்.

ஓப்பன் டே அன்று நான் நீலச் சேலை கட்டிக்கொண்டு வந்தேன். அப்பா லீவு போட்டிருந்தார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். மற்ற பிள்ளைகள் வட்டமும் நட்சத்திரமும் காட்டினார்கள். உன் முறை வந்தது. கேசட்டைப் போட்டாய். எல்லோரும் காத்திருந்தோம். திரையில் ஒன்றும் வரவில்லை. நீ பின்னால் சுற்றி மறுபடி போட்டாய். அப்போதும் இல்லை. சார் வந்து வயரைப் பிடுங்கிச் சத்தத்தைக் கூட்டிவைத்தார். உஸ்ஸ் என்று வெறும் நாடா ஓடும் ஒலி. நீ சொன்னாய்: "சார், கீச்சுன்னு கத்தணும் சார். சத்தம் வரணும்." எனக்கு அந்த நொடியில் புரிந்துவிட்டது. சார் சிரித்துக்கொண்டே, "ரெக்கார்ட் பட்டனை அழுத்த மறந்துட்டே. ஸோ கேர்லெஸ் லா" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நீ அந்த வெற்றுத் திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என்னைத் தேடிப் பார்த்தாய்.

நான் எழுந்து, "என் தப்பு, நான்தான் அழித்துவிட்டேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் நீ உட்கார்ந்துவிட்டாய். சரி, வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வரும் வழியில் நீ, "ரெக்கார்ட் அழுத்தின மாதிரிதான்மா இருந்துச்சு" என்றாய். அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அடுத்த தடவ கவனமா இருடா." இதைத்தான் சொன்னேன். அப்பா தன் பங்குக்கு, "கார்கோவுல இப்படி இருந்தா ஒரே நாள்ல வீட்டுக்கு அனுப்பிடுவான்" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தே சொன்னவள் நான் மட்டும்தான். கேசட்டை அழித்தது தெரியாமல் செய்தது. இது அப்படி இல்லை.

நீ ஒரு வாரம் அந்த இயந்திரத்தைத் தொடவில்லை. பிறகு துடைத்து, அதே அட்டைப்பெட்டியில் வைத்து மூடிவிட்டாய். "டிவி உங்களுக்கேம்மா" என்றாய். என் நாடகங்களை நான் நிம்மதியாகப் பார்த்தேன் என்று நினைக்கிறாயா?

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. மூன்று வாரம் கழித்துச் சின்னம்மாவிடமிருந்து பதில் வந்தது. அவளும் கேசட்டில்தான் பேசியிருந்தாள். "அக்கா, ஒன் பேச்சு நல்லா கேட்டுச்சு. இன்னும் இருக்கும்னு திருப்பிப் போட்டேன். அந்தப் பக்கம் என்னக்கா அது, கோழியக் கழுத்தத் திருவுற மாதிரி! இவுக பயந்து வெளிய ஓடிட்டாக" என்று சிரித்தாள். நான் ஒரு பக்கத்தில்தான் பேசியிருந்தேன். மறுபக்கத்தில் உன் பஸ் முழுசாக இருந்தது. எனக்கு உடனே புரிந்தது. திருப்பி அனுப்பு என்று அவளிடம் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். ஆனால் எழுதினால் உன்னிடம் சொல்ல வேண்டும். மூன்று வாரமாக ஏன் சொல்லவில்லை என்றும் சொல்ல வேண்டும். நீ பெட்டியை மூடிவிட்டாய், மறந்துவிட்டாய், இனி எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொன்னதில்லை. சாமியாரிடம் கோபத்தையும் பொறாமையையும் சொல்லிவிட்டு இதை மட்டும் முழுங்கிக்கொண்டு வருவேன்.

நீ மறக்கவில்லை என்று அந்தச் சப்பாத்தி நாளில் தெரிந்தது. மறுநாளே சின்னம்மாவுக்கு எழுதினேன். அவள் எதையும் தூக்கிப் போடாதவள், உனக்குத்தான் தெரியுமே. என் கேசட்டுகள் எல்லாம் பிஸ்கட் டின்னில் வரிசையாக இருக்கிறதாம். போன புதன்கிழமை பார்சல் வந்தது. மறுநாள் காலையில் அப்பா வேலைக்குப் போனதும், கட்டிலுக்கு அடியிலிருந்து உன் அட்டைப்பெட்டியை இழுத்தேன். புக்கிட் பாஞ்சாங்குக்கு வீடு மாறி வந்தபோது அதைத் தூக்கிப் போடலாம் என்று நீதான் சொன்னாய். போடவிடாமல் பிடித்துக்கொண்டது நான். ஏன் என்று அப்போது கேட்டாய். இப்போது தெரிகிறதா?

வயர் எது எங்கே என்று தெரியாமல் அரை நாள் போனது. உன் புத்தகத்தை வைத்துக்கொண்டு தையல் மாதிரிப் படம் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ரெக்கார்டரின் உள்ளே பஞ்சில் கொலோன் தொட்டுத் துடைத்தேன். கேசட்டின் மறுபக்கத்தைப் போட்டேன். சத்தம் கூடினால் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை, குறைந்தாலும் ஏற்கவில்லை. ஆறு தடவை. ஏழாவது தடவை டிவியின் ஓரத்தில் வரிவரியாகக் கோடுகள் ஓடின. நான் ஸ்டூலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், இந்த வயதில் பரீட்சை எழுதுகிறவள் மாதிரி.

பிறகு சிராங்கூன் ரோடு வந்தது. கடைகளும் கடைவாசல் ஐந்தடி நடைபாதையும் கோவில் கோபுரமும் வந்தன. பஸ் வலது பக்கத்திலிருந்து நிமிர்ந்து, வழியில் எதையும் விட்டுவிடாமல், அழகாக ஓடி வந்து தேக்கா நிறுத்தத்தில் நின்றது. இதுவரை நான் பார்த்ததுதான். அதற்கப்புறம் இடது பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். நான் போட்டுக் கொடுத்தவள். சேலைக்கு நீல நிறம் கொடுத்திருந்தாய். மார்க்கெட் பையோடு மெல்ல மெல்ல நடந்து வந்து, பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றாள். கீழே ஆங்கில எழுத்தில், ஆனால் தமிழில், ஒரு கேள்வி வந்தது: "அம்மா ஏறியாச்சா?" ஆமாம் என்றால் Y, இல்லை என்றால் N.

உனக்கு ஆறு வயது இருக்கும்போது நடந்தது அது. தேக்காவில் கூட்டம் உன்னை பஸ்ஸுக்குள் தள்ளிவிட்டது. இரண்டு கையிலும் பையோடு நான் கீழே நின்றுவிட்டேன். பஸ் கிளம்பிவிட்டது. "எங்கம்மா ஏறல! எங்கம்மா ஏறல!" என்று நீ போட்ட கூச்சலில் கண்டக்டர் மணியடித்து நிறுத்தினார். நான் மூச்சிரைக்க ஓடி வந்து ஏறும்வரை நீ அவர் சட்டையை விடவில்லை. இதைச் சொல்லிச் சொல்லி உன்னை எத்தனை தடவை கேலி செய்திருப்பேன்! அதைத்தான் நீ ஊர் பார்க்கச் செய்துவைத்திருந்தாய். அதைத்தான் நான் அழித்துவிட்டு, கவனமாக இரு என்று உனக்குப் புத்தி சொன்னேன்.

ஸ்டூலிலேயே உட்கார்ந்து அழுதேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் இன்னொன்று உறைத்தது. ஃபியூஸ் போன அந்த ஒரு நாளுக்குப் பிறகு, யாரும் சொல்லாமலே, ஒரு பக்கம் போனாலும் மறுபக்கம் இருக்கட்டும் என்று இரண்டு பக்கமும் பதிந்துவைத்திருக்கிறாய். பதினைந்து வயதில். கவனமில்லாத பையன் செய்கிற காரியமா இது? சொல்.

அப்பாவிடம் வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டேன். மாதா படத்துக்கு முன்னாலிருந்த தபாலை எடுத்து மறுபடி படித்தார். பிறகு, "நானும்தானே அன்னிக்கு ஒரு வார்த்தை விட்டேன்" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு, "மொதல்ல அவனுக்குச் சொல்லு" என்று வெளியே போய்விட்டார்.

கார்கோ வேலை மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. நாம் மூன்று பேரும் சாப்பிட்டது அந்த வேலையில்தான். உனக்கு அது பிடித்திருந்தால் போ, காலையில் நானே எழுப்பி டீ போட்டுத் தருகிறேன். ஆனால் பிடித்துப் போ. நான் சொன்ன பொய்யை நம்பிப் போகாதே. பதில் போட இன்னும் பத்து நாள் இருக்கிறது. என் மேல் கோபம் வந்தால் கோபப்படு. எப்போதும் போலச் சிரித்து மழுப்பாதே, அதை என்னால் தாங்க முடியாது. பேச வேண்டாம் என்று தோன்றினால் பேசவும் வேண்டாம். சனிக்கிழமை வீட்டுக்கு மட்டும் வா.

நீ வரும்போது டிவியில் வயர் மாட்டி, எல்லாவற்றையும் ஏற்றித் தயாராக வைத்திருப்பேன். நானே Y அழுத்திப் பார்த்திருக்கலாம். அழுத்தினால் என்ன வரும் என்று தெரிந்துகொள்ள எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியாது. ஆனால் எனக்கு அந்த உரிமை இல்லை என்று தோன்றியது. N மட்டும் அழுத்தினேன். பஸ் நகரவில்லை. மறுபடி அதே கேள்வியைக் கேட்டது. மறுபடி N அழுத்தினேன். அப்போதும் நின்றது. எத்தனை தடவை அழுத்தினாலும் விட்டுவிட்டுப் போகாத மாதிரிதான் நீ எழுதியிருக்கிறாய்.

சனிக்கிழமை வந்து நீயே பார், தம்பி. அம்மா இன்னும் ஏறவில்லை.